தவறான விடையை நடுவில் வைத்துப் பேசுங்கள்

அந்தியூர்ப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் ஆண்டாகப் பணியாற்றும் ஆசிரியை ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது. பள்ளியில் அவரும் தலைமையாசிரியரும் மட்டுமே இருக்கிறார்கள். ஐந்து வகுப்புகளையும் இருவரும் பங்கிட்டு நடத்துகிறார்கள். பயிற்சிகளுக்குப் போய் நல்ல உத்திகள் பலவற்றைக் குறித்துக்கொண்டு வந்தாலும், திங்கட்கிழமை வகுப்பில் அவை நிற்பதில்லை. மற்ற ஆசிரியர்களிடமிருந்து வகுப்பறைக்குப் பயன்படும்படி எதையேனும் கற்பது எப்படி, அதற்கு நேரத்தை எங்கே தேடுவது, வாட்ஸ்ஆப் குழுக்கள் உதவுமா என்பவை அவருடைய கேள்விகள்.

நான் பெருந்துறை, ஊத்துக்குளிப் பகுதிகளில் இடைநிலை ஆசிரியராகவும் பின்னர் தலைமையாசிரியராகவும் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன்; பல பயிற்சிகளில் கருத்தாளராக மேடைப் பக்கமும் நின்றிருக்கிறேன். இரு பக்கமும் பார்த்தவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சக ஆசிரியரிடம் போய், "நல்ல உத்தி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். உங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுதிய தவறான விடை ஒன்றை நோட்டோடு எடுத்துக்கொண்டு போய், "இவள் எப்படி நினைத்து இதை எழுதியிருப்பாள்?" என்று கேளுங்கள். அந்தப் பேச்சிலிருந்து உத்தி தானாகப் பிறக்கும். அது உங்கள் வகுப்புக்கே அளவெடுத்துத் தைத்ததாகவும் இருக்கும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு என் தோல்வி ஒன்றையே சான்றாக வைக்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில், ஈர்க்குச்சிக் கட்டுகளைக் கொண்டு இனமாற்றிக் கழித்தலை, அதாவது பக்கத்து இலக்கத்திலிருந்து கடன் வாங்கிக் கழிப்பதை, கற்பிக்கும் முறையை ஒரு பயிற்சியில் பார்த்தேன். பத்துக் குச்சிகள் ஒரு கட்டு, பத்துக் கட்டுகள் சேர்ந்தால் நூறு. பார்க்க அவ்வளவு தெளிவாக இருந்தது. ஊருக்குத் திரும்பியதும் இரண்டு இரவுகள் உட்கார்ந்து குச்சிகளை நறுக்கி, பனியன் கம்பெனிக் கழிவில் கிடைத்த எலாஸ்டிக் துண்டுகளால் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். வகுப்பில் நான் கட்டைப் பிரித்துக் காட்டக் காட்ட, பிள்ளைகள் ஒரே குரலில் சரியான விடைகளைச் சொன்னார்கள். மறுநாள் நோட்டைத் திருத்தும்போது பழைய தவறுகள் அப்படியே இருந்தன. முறை சரியில்லை என்று முடிவு செய்து குச்சிகளை அலமாரியில் போட்டுவிட்டேன்.

அடுத்த அறையில் இரண்டாம் வகுப்பு நடத்திய மூத்த ஆசிரியை அன்று மாலை, பேருந்துக்கு நிற்கும்போது, ஒன்றே ஒன்று சொன்னார். "கட்டை நீங்களே பிரிச்சுட்டீங்க சார். பிரிக்கறப்பத்தானுங்க அவனுக்குக் கணக்கு நடக்கும்." பயிற்சியில் எனக்குக் காட்டப்பட்ட பாடத்திலும் கட்டைப் பிரித்தவர் கருத்தாளரே, ஆனால் அங்கே எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் இனமாற்றம் தெரிந்த பெரியவர்கள். நான் கொண்டுவந்தது முறையின் தோற்றத்தை மட்டுமே. அதன் உயிர் எங்கே இருக்கிறது என்பதை என் வகுப்பைக் கதவு வழியாகப் பார்த்தவர்தான் சொல்ல முடிந்தது.

இது எனக்கு மட்டும் நேர்ந்த அனுபவம் அன்று. அமெரிக்காவில் 1980களில் ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் ஆகிய இருவரும், விளக்கம், செய்துகாட்டல், பயிற்சியறையில் செய்து பார்த்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தும்கூட ஒரு புதிய முறை அன்றாட வகுப்புக்குள் நுழைவது அரிது என்றும், திரும்பிய பிறகு சக ஆசிரியர் ஒருவர் வகுப்பிலேயே துணை நின்றால்தான் அது நிலைக்கிறது என்றும் காட்டினார்கள். லீ ஷுல்மன் 1986ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் இன்னொன்றைத் தெளிவுபடுத்தினார்: பாட அறிவும் பொதுவான கற்பித்தல் அறிவும் போதா; இந்தப் பாடத்தின் இந்த இடத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள், அங்கே எந்த உவமையும் எந்தப் படமும் கைகொடுக்கும் என்பது ஆசிரியர்களுக்கே உரிய மூன்றாவது வகை அறிவு என்றார். அந்த மூன்றாவது அறிவு பெரும்பாலும் அச்சில் இல்லை. ஆசிரியர்களின் தலையில் சிதறிக் கிடக்கிறது. அதை வெளியே கொண்டுவரும் கொக்கிதான் தவறான விடை.

பல ஆண்டுகளுக்குப் பின் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் எங்கள் குறுவள மையத்தில் நடந்த ஒரு சனிக்கிழமைக் கூட்டத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வருகைப் பதிவும் சுற்றறிக்கை வாசிப்பும் தேநீரும் முடிந்து மீதமிருந்தது 40 நிமிடங்கள். நான்காம் வகுப்பு நடத்தும் ஐந்து ஆசிரியர்கள் ஒரு பெஞ்சைச் சுற்றி உட்கார்ந்தோம். முன்கூட்டியே பேசி வைத்தபடி, ஐவரும் அவரவர் பள்ளியில் 403 − 178 என்ற ஒரே கணக்கைக் கொடுத்து, விடைகளை நோட்டோடு கொண்டுவந்திருந்தோம். சரியான விடை 225. தவறுகளில் இரண்டு எண்கள் எல்லாப் பள்ளிகளிலும் திரும்பத் திரும்ப வந்தன: 375, 235.

375 எழுதிய பிள்ளை ஒவ்வோர் இலக்கத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. மேலே எது, கீழே எது என்று பார்க்கவில்லை. எட்டில் மூன்று போக ஐந்து, ஏழில் பூஜ்யம் போக ஏழு, நான்கில் ஒன்று போக மூன்று. அந்தப் பிள்ளைக்கு இனமாற்றம் தேவைப்படும் இடமே கண்ணில் படவில்லை. 235 எழுதிய பிள்ளையின் நிலை வேறு. அது நூறுகளில் ஒன்றைப் பிரித்துப் பத்துப் பத்துகளாக்கியிருக்கிறது. அதிலிருந்து ஒரு பத்தை எடுத்து ஒன்றுகளுக்கும் கொடுத்திருக்கிறது. ஆனால் கொடுத்த பிறகு பத்துகளின் இடத்தில் ஒன்பதுதான் மிச்சம் என்பதை மறந்து, பத்திலிருந்தே ஏழைக் கழித்து மூன்று என்று எழுதிவிட்டது. இந்தப் பிள்ளை கரையைத் தொட ஒரு கை தூரம்தான் இருக்கிறது. இரண்டு விடைகளுக்கும் நாங்கள் ஐவரும் அதுவரை ஒரே சிவப்புப் பெருக்கல் குறியைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே "மறுபடி பத்துத் தடவை போட்டுக் காட்டு" என்ற தண்டனையைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பெஞ்சில்தான் என் அலமாரிக் குச்சிகளுக்கு மறுவாழ்வு கிடைத்தது. ஓர் ஆசிரியர், 235 எழுதுபவனிடம் நான்கு நூறு கட்டுகளையும் மூன்று உதிரிக் குச்சிகளையும் கொடுத்துவிட்டு, "எட்டுக் குச்சி எனக்குக் கொடு" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம் என்றார். அடுத்த வாரம் அப்படியே செய்தேன். பையன் உதிரிக் குச்சிகளைப் பார்த்தான், பத்துக் கட்டு எங்கே என்று தேடினான், இல்லை. நூறு கட்டு ஒன்றின் எலாஸ்டிக்கைக் கழற்றினான். பத்துக் கட்டுகள் சரிந்தன. அவற்றுள் ஒன்றையும் கழற்றி எனக்கு எட்டை எண்ணிக் கொடுத்தான். பிறகு நோட்டுக்குத் திரும்பிப் பத்துகளின் இடத்தில் 10 என்று எழுதப்போனவன், பெஞ்சின் மேல் கிடந்த கட்டுகளை ஒரு முறை எண்ணிவிட்டு, "ஒம்பது கட்டுத்தானுங்க சார் இருக்குது" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

வாயை மூடிக்கொள்வது எளிதன்று. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவுசெய்து கேட்டபோது, ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருப்பது சராசரியாக ஒரு நொடி அளவுதான் என்று கண்டார். அது மூன்று நொடியானால் விடைகள் நீளுகின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்றும் கண்டார். நம் காத்திருப்பை நாமே அளக்க முடியாது. பேசுகிறவருக்கு மூன்று நொடி மூன்று நிமிடமாகத் தெரியும். அதற்குத்தான் பின் பெஞ்சில் உட்கார இன்னொருவர் வேண்டும்.

உடன் இருப்பவரோடு சேர்ந்து கற்பது என்ற இந்த எண்ணம் நமக்கு வெளியிலிருந்து வந்ததும் இல்லை. நன்னூல் செய்த பவணந்தி முனிவரைத் தம்மவர் என்று கொங்கு நாட்டவர் கொண்டாடுவதும், பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தை அவருடைய ஊராகச் சொல்வதும் நெடுநாள் மரபு. அந்நூலின் பொதுப்பாயிரம் பாடம் கேட்கும் முறையைச் சொல்லுமிடத்தில் ஒரு கணக்குப் போடுகிறது: ஆசிரியர் சொன்னதை நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது காற்பங்கு, உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு, பிறருக்கு எடுத்துரைப்பதால்தான் மீதி அரை. பயிற்சி முடித்துத் திரும்பும் நாமும் அந்தக் காற்பங்கோடுதான் பேருந்து ஏறுகிறோம். சீனாபுரத்துக்குப் பக்கத்துப் பெருந்துறையில்தான் ஈரோடு மாவட்டத்தின் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது என்பது தற்செயல் என்றாலும், அங்கே பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கணக்கு எனக்கு நினைவுக்கு வரும்.

இனி உங்கள் நிலைமைக்கு வருகிறேன். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளிக்கு வகுத்த அளவு. பிள்ளைகள் குறைந்துகொண்டே வரும் நம் கிராமங்களில் இரு ஆசிரியர் பள்ளிகள் அதனால்தான் இவ்வளவு இருக்கின்றன. ஆகவே உங்கள் நிலைமை விதிவிலக்கன்று. இருவர் மட்டுமே இருப்பதில் ஒரு வசதியும் உண்டு: கூட்டம் போட யாரையும் அழைக்க வேண்டியதில்லை. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்க்கச் சொன்னது. அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே பிள்ளையின் நோட்டை நீங்கள் ஒரு பக்கமும் தலைமையாசிரியர் ஒரு பக்கமும் தனித்தனியே பார்த்து, அவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிவிட்டு, பிறகு தாளைத் திருப்பிப் பாருங்கள். நீங்கள் மொட்டு என்று எழுதிய பிள்ளையை அவர் அரும்பு என்று எழுதியிருந்தால், அந்த வேறுபாட்டைப் பற்றிய பத்து நிமிடப் பேச்சு ஒரு நாள் பயிற்சிக்குச் சமம். "வேகமாகப் படிக்கிறாள், மொட்டுதான்" என்று நீங்கள் சொல்வீர்கள், "படத்தை மறைத்தால் படிப்பாளா, பார்த்தீர்களா?" என்று அவர் கேட்பார்.

நேரம் எங்கே என்றால், மதிய உணவுக்குப் பிறகு பிள்ளைகள் தட்டுக் கழுவிவிட்டு வரும் இடைவெளி ஒன்று போதும்; வாரத்துக்கு ஒரு நாள் போதும். பதிவேற்றங்களும் படிவங்களும் அந்த இடைவெளியையும் விழுங்கப் பார்க்கின்றன என்பது எனக்குத் தெரியும். எனவே நாளை முன்பே குறித்துவிடுங்கள். குறிக்காத நாள் வராது.

இருவரும் சேர்ந்தே ஒரு பாடவேளையையும் மாதம் ஒரு முறை நடத்திப் பாருங்கள். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்காரவைத்து, ஒருவர் நடத்த மற்றவர் பார்க்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். பார்ப்பவர் ஆசிரியரைப் பார்க்கக் கூடாது; இரண்டு பிள்ளைகளை மட்டும் தேர்ந்துகொண்டு அவர்களையே பார்க்க வேண்டும். "கரும்பலகையில் எழுத்து சிறியதாக இருந்தது, குரல் போதவில்லை" என்ற குறிப்புகள் ஆய்வு அலுவலர் எழுதும் குறிப்புகள். அவற்றைக் கேட்டால் எவருக்கும் முகம் சுருங்கும். "முதல் வரிசைப் பையன் கேள்வி முடியுமுன்பே பக்கத்துச் சிலேட்டைப் பார்த்துவிட்டான், மூன்றாம் வரிசைச் சிறுமி விடையை எழுதி அழித்துவிட்டாள், அழித்த விடைதான் சரி" என்பது வேறு வகைக் குறிப்பு. அது யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் நடத்தியவரால் கண்டிருக்க முடியாத ஒன்றைக் கையில் கொடுக்கிறது. ஜப்பானியப் பள்ளிகள் நூறாண்டுக்கும் மேலாக வளர்த்துவரும் பாட ஆய்வு முறையின் அடிப்படையும் இதுவே: சில ஆசிரியர்கள் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனித்து எழுதுவார்கள், பிறகு பாடத்தைத் திருத்துவார்கள். அவர்கள் அதற்கு எடுத்துக்கொள்ளும் வாரக்கணக்கான காலம் நமக்கு வாய்க்காது. ஒரு பாடவேளையும் இரண்டு பிள்ளைகளும் நமக்குப் போதும்.

மொழிப் பாடத்தில் இந்தப் பரிமாற்றம் இன்னும் சுவையானது. தென்மாவட்டத்திலிருந்து பணி நியமனம் பெற்று எங்கள் ஒன்றியத்துக்கு வந்த ஆசிரியை ஒருவர், மூன்றாம் வகுப்புப் பையன் எழுதிய "என்ற அம்மா பனியனுக்குப் போறாங்க" என்ற வரியை அடித்துவிட்டு, "என்ற" என்பதற்கு முன் பெயர் எங்கே என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அவருடைய இலக்கணம் சரி. பையனுடைய மொழியும் சரி; கொங்குப் பேச்சில் "என்ற" என்றால் "என்னுடைய", "உன்ற" என்றால் "உன்னுடைய". உள்ளூர்க்காரரான உடன் ஆசிரியர் இதைச் சொன்ன பிறகு, இருவரும் சேர்ந்து கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, "வீட்டில் சொல்வது, நோட்டில் எழுதுவது" என்று தலைப்பிட்டு, நோம்பிக்கு எதிரே திருவிழாவையும் அப்பிச்சிக்கு எதிரே தாய்வழித் தாத்தாவையும் பிள்ளைகளையே எழுதவைத்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, உள்ளூர் ஆசிரியரும் கற்றார் என்பது. "என்ற" என்பதைப் பிள்ளைகள் எழுதுவது அவர் காதுக்குப் பழகிப்போயிருந்ததால், அது எழுத்துத் தமிழில் வேறு பொருள் தரும் என்பதையே அவர் வகுப்பில் எடுத்துச் சொன்னதில்லை. வெளியூர்க் கண் பட்டதும்தான் அது தெரிந்தது.

தாளவாடிப் பக்கம் வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பவர்கள் தம்முள் கைமாற்றிக்கொள்ளும் ஒரு சிறு திறவுகோல் உண்டு: கன்னடத்தில் ஹாலு என்றால் தமிழில் பால், ஹல்லு என்றால் பல், ஹூவு என்றால் பூ, ஹுலி என்றால் புலி. இந்த ஒழுங்கைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கும்படி நான்கு படங்களை வைத்தால் போதும். திருப்பூர்ப் பள்ளிகளில் இந்தி பேசும் குடும்பத்துப் பிள்ளைகள் சேரும்போது நிலைமை வேறு. இந்தியில் 25 என்பது பச்சீஸ். அச்சொல்லுக்குள் இருபதும் ஐந்தும் வெளிப்படையாகத் தெரிவதில்லை. இருபத்தைந்து என்ற சொல்லோ தன் கணக்கைத் தானே சொல்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் எண்ணுப் பெயர்களே இடமதிப்புப் பாடமாகிவிடுகின்றன. தொண்ணூறு மட்டும் எல்லாப் பிள்ளைகளையும் ஏமாற்றும். "நூறு" என்ற ஒலி காதில் விழுந்ததும் தொண்ணூற்று மூன்றை 903 என்று எழுதும் பிள்ளை எந்தப் பள்ளியிலும் இருக்கும். உங்கள் வகுப்பில் அப்படி ஒரு நோட்டு கிடைத்தால் திட்டாமல் எடுத்து வையுங்கள்.

வாட்ஸ்ஆப் குழுக்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எங்கள் வட்டாரத்திலேயே நான் ஏழெட்டுக் குழுக்களில் இருந்தேன். காலை வணக்கமும் சுற்றறிக்கையும் போக, வந்தவை எல்லாம் வண்ணத் துணைக்கருவிகளின் படங்களும், கைதட்டிச் சிரிக்கும் பிள்ளைகளின் படங்களும்தான். ஊறுகாய் ஜாடியின் படத்தைப் பார்த்தால் ருசி தெரியாது. அதே குழுவில் மாதம் ஒரு நோட்டுப் பக்கத்தின் படத்தை, பிள்ளையின் பெயரை மறைத்துவிட்டு, "இது ஏன் இப்படி வந்தது?" என்ற ஒரே கேள்வியோடு போட்டுப் பாருங்கள். முதல் முறை எவரும் பேசமாட்டார்கள். இரண்டாம் முறை யாராவது ஒருவர், "எங்க பள்ளியிலும் இதேதானுங்க" என்பார். பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

உயர்நிலை, மேல்நிலை ஆசிரியர்களுக்கு நான் சொல்ல அதிகமில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு பெரிய பள்ளிக்கூடம் இருக்கிறது, அதற்கு விடைத்தாள் திருத்தும் முகாம் என்று பெயர். நூற்றுக்கணக்கான விடைத்தாள்களைப் பார்த்த கண்ணோடு பல பள்ளி ஆசிரியர்கள் ஒரே மர நிழலில் சாப்பிட உட்காரும் நாட்கள் அவை. எந்தத் தாள், யாருடையது என்பதெல்லாம் வெளியே பேசக் கூடாதவை. ஆனால் எந்தக் கருத்தில் பிள்ளைகள் பொதுவாகத் தடுமாறுகிறார்கள் என்பதை ஜூன் மாதம் வரை நினைவில் வைத்திருந்து பாடத்தை மாற்றிக்கொண்ட ஆசிரியர்களை எனக்குத் தெரியும்.

தயக்கம் ஒன்று உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. தவறான விடையைக் காட்டினால் தமக்குக் கற்பிக்கத் தெரியவில்லை என்று பிறர் எண்ணுவார்களோ என்ற அச்சம் புதியவர்களுக்கு இருக்கும். 20 ஆண்டுகள் ஆனவர்களுக்கு அதைவிட அதிகமாக இருக்கும். ஆய்வுக்கு வந்த ஓர் அலுவலர், நாங்கள் பேச்சுக்காக எடுத்து வைத்திருந்த தவறுகளின் நோட்டைப் புரட்டிவிட்டு, "இவ்வளவு தப்பா?" என்று பார்வையாளர் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனதும் நடந்தது. அதன்பின் அந்த நோட்டை மூன்று மாதம் எவரும் தொடவில்லை. மீண்டும் அதைத் திறக்க ஒரே வழிதான் எங்களுக்குத் தெரிந்தது: தலைமையாசிரியர் தம் வகுப்புத் தவறை முதலில் ஒட்டுவது. ஆகவே உங்கள் தலைமையாசிரியரிடம், "என் வகுப்பை வந்து பாருங்க சார்" என்று தொடங்காமல், "உங்க அஞ்சாம் வகுப்புல பிள்ளைங்க பின்னத்துல எங்கீங்க சார் சிக்கிக்கறாங்க?" என்று கேட்டுத் தொடங்குங்கள். 1/2 + 1/3 என்ற கணக்குக்கு 2/5 என்று எழுதிய நோட்டு ஒன்றை அவர் மேசையிலிருந்தே எடுத்துக் காட்டுவார். மேலே இருந்த எண்களையும் கீழே இருந்த எண்களையும் அந்தப் பிள்ளை ஏன் தனித்தனியே கூட்டியது என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். அதற்கடுத்த வாரம் உங்கள் முறை.